பூவாடைக்காரியின் பெட்டி

எழிலரசி செத்து ஐந்து வருஷம் ஆகியும், எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வந்துகொண்டிருந்தது. பதில் சொன்னவள் கவிநிலா.

"எழிலு, அடுப்பப் பாரு" என்பாள் அம்மா.

"பார்த்துட்டேம்மா" என்பாள் கவிநிலா.

இரண்டு பேருக்கும் அதில் தப்பாக எதுவும் படவில்லை. ஆரம்பத்தில் அப்பா திருத்திக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்கும் சலித்துவிட்டது.

நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவன், அறிவுச்செல்வன். அடுத்தது எழிலரசி. அவளுக்கு ஒன்றரை வயது இளையவள் கவிநிலா. பெயர் வைத்தது அப்பா. கண்ணாயிரம் என்றால் அடி அண்ணாமலையில் எல்லாருக்கும் தெரியும். மேடை கிடைத்தால் சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசுவார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களின் வண்டிகளை நிலக்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் நிறுத்தி டோக்கன் கிழிப்பதும் அவர்தான். கேட்டால், "சாமி இல்ல, ஜனம் இருக்குது இல்ல?" என்பார்.

பூவாடைக்காரி விஷயத்தில் மட்டும் அவர் வாதம் செய்யமாட்டார். பூவோடும் மஞ்சளோடும் செத்த பெண்தான் பூவாடைக்காரி. தாலியோடு போனவளும் உண்டு, கன்னியாகவே போனவளும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். பம்பை மேளம் கொட்டுகிற பம்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அவள் யார் மேலாவது இறங்கி, சரி என்று சொல்ல வேண்டும். அவளுக்கென்று எடுத்த புதுப்புடவையை ஒரு மூங்கில் பெட்டியில் வைத்து உத்திரத்தில் கட்டுவார்கள். அடுத்த தடவை அழைக்கும்போது அந்தப் புடவையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொண்டு குளித்து, ஈரத்தோடு கிணற்றடியிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வர வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பெட்டியில் பழையது போனால்தான் புதியது ஏறும். இது எங்கள் வகையறாவின் வழக்கம்.

எழிலரசி காய்ச்சலில் போனாள். பெங்களூரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான் வந்து சேர்ந்தபோது தூக்கியிருந்தார்கள். காரியம் முடிந்து கிளம்பலாம் என்று இருந்தேன். கிளம்பவில்லை. அதற்குக் காரணம் தேடி நான் நேரம் செலவழித்ததில்லை. கீழ்பென்னாத்தூர் சாலையில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் ராத்திரி வேலை கிடைத்தது. பால் நாலு டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. விடியும் முன் டேங்கர் போய்விடும். காலையில் வீட்டுக்கு வந்து தூங்குவேன்.

கவிநிலாவுக்கு ஒரு கல்யாணம் இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை செங்கத்துக்காரர், நல்ல இடம். கிணற்றடியில் அழைத்தபோது எழிலரசி அம்மா மேல் இறங்கினாள். "என்ன உட்டுட்டு இவ எங்கடா போறா?" என்று கேட்டாள். பம்பைக்காரர் எத்தனை சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. புடவையை மாற்ற விடவில்லை. பெட்டி மூடியபடியே வீட்டுக்குத் திரும்பியது. மறுநாள் அப்பா செங்கத்துக்குப் போய் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது ஆம்பூரில் இருந்து ஒரு வரன். பையன் பெயர் வளவன், தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். கவிநிலாவுக்குப் பிடித்திருந்தது. ஐப்பசியில் முகூர்த்தம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அழைப்பு. இந்த முறையும் வேண்டாம் என்று வந்துவிட்டால் மூன்றாவது வரன் வராது. எந்த வீட்டில் பூவாடைக்காரி மறிக்கிறாள் என்பது சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அந்த அக்டோபரில் ஒரு நாள் காலையில் டேங்கர் டிரைவர் விட்டுப்போன பேப்பரோடு வீட்டுக்கு வந்தேன். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. செல்லுக்குள் வேண்டாத புரதங்கள் எப்படி அழிக்கப்படுகின்றன என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு. பம்பு செட் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த கவிநிலாவிடம் காட்டினேன். ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"ண்ணா, இது நீ பண்ண வேலைதானே? உனக்கு ஏன் குடுக்கல?"

"நான் அவுங்க கண்டுபிடிச்சத வச்சிக்கினு கண்ணாடித் தட்டு கழுவினவன்."

"அப்ப தட்டு கழுவறதுக்கா பெங்களூர் வரைக்கும் போன? இங்க நெறைய கீதே."

சிரித்தேன். அவள் துணியைப் பிழிந்தபடி, "சொல்லு, இன்னா அது? குப்பை எடுக்கறதுக்கு எல்லாம் பரிசா?" என்றாள்.

ஐந்து வருஷத்தில் என்னிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சொன்னேன். ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் முதலில் தனக்குள் இருக்கும் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும். ஒவ்வொரு ஜோடியும் அக்கா தங்கை மாதிரி. ஒரு வளையம் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும். வளையத்தை வெட்டக் கத்தி உள்ளேயே தயாராக இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தியை ஒரு காவல்காரப் புரதம் பிடித்துக்கொண்டிருக்கும். நேரம் வந்ததும் செல் அந்தக் காவல்காரன் மேல் குறி போடும். யுபிக்விட்டின் என்று ஒரு துண்டுப் புரதம், அதுதான் குறி. குறி விழுந்தவனைப் பீப்பாய் மாதிரி ஒரு இயந்திரம் இழுத்துப்போட்டு அரைத்துவிடும். கத்தி விடுபடும், வளையம் அறும், அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். பிறகுதான் செல் பிரியும்.

"குறி போடலைன்னா?"

"நான் பார்த்துகினு இருந்தது அதுதான். ஈஸ்ட்னு இருக்குது இல்ல, ரொட்டி புளிக்க வைக்கறது. அதுல ஒரு கெட்டுப்போன ரகம். குளிர்ச்சியில வச்சா ஒழுங்கா இருக்கும். முப்பத்தேழு டிகிரிக்கு ஏத்தினா குறி போடற வேலை நின்னுடும். தாய்ச் செல்லும் மகள் செல்லும் பிரியாது. உடம்பு ரெண்டு, கழுத்து ஒண்ணு. அப்படியே நிக்கும்."

"செத்துடுமா?"

"ஒடனே சாவாது. உப்பிகினே போவும்."

கவிநிலா பேப்பரை மடித்துத் தொட்டிக் கட்டையில் வைத்தாள். அவள் நின்ற விதத்தைப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கி இன்னொரு பாதத்தின் மேல் வைத்து நின்றாள். அது எழிலரசி நிற்கும் விதம். கவிநிலா சின்ன வயதில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"இது பிரியறதுக்கு மட்டும்தானா?" என்றாள்.

"சாப்பாட்டுக்கும்தான். ஈஸ்ட்டைப் பட்டினி போட்டா, சர்க்கரைய தானே செஞ்சிக்கறதுக்குக் கருவி எல்லாம் கட்டிக்கும். அப்புறம் சர்க்கரை ஊத்தினா அரை மணி நேரத்துல அந்தக் கருவிய ஒடச்சிப் போட்டுடும். ஒடைக்கலைன்னா ஒரு பக்கம் சர்க்கரைய எரிக்கும், இன்னொரு பக்கம் செஞ்சிகினே இருக்கும். எல்லாம் வீண்."

"அம்மா மாதிரி" என்றாள்.

காரியம் முடிந்த நாளில் இருந்து அம்மா ராத்திரி சோறு சாப்பிட்டதில்லை. கஞ்சிதான். துக்க வீட்டுக் கஞ்சி. கறி எடுத்த நாளிலும் கஞ்சி. உடம்பு மல்லாட்டைத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

துணியைக் கொடியில் போடப் போனவள் திரும்பி வந்தாள். குரலைக் குறைத்துக்கொண்டு, "பெட்டியில இன்னா கீதுன்னு தெரியுமா உனக்கு?" என்றாள்.

"புடவை."

"புடவைக்கு அடியில?"

எனக்குத் தெரியாது. பெட்டியை அம்மா தவிர யாரும் தொடுவதில்லை.

"அவ சாவற அன்னிக்குக் கட்டியிருந்த தாவணி. பச்சை கலர். தொவைக்கக்கூட இல்ல. கருமாதி அன்னிக்கு மத்தத எல்லாம் போட்டாங்க, இத மட்டும் எடுத்து வச்சிக்கினாங்க. அம்மா படுத்திருக்கும்போது ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன்."

கட்டின துணியை, அதுவும் உயிர் போகும்போது உடம்பில் இருந்த துணியைப் பூவாடைப் பெட்டியில் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். புதுப்புடவை அவளை அழைப்பதற்கு. அவள் கட்டிய துணி பெட்டியில் இருந்தால் அவள் போகவே இல்லை என்று அர்த்தம். போகாதவளை எப்படி அழைப்பது?

"எடுத்துப் போட்டுட வேண்டியதுதானே" என்றேன்.

"நான் எடுத்தா அது திருட்டுண்ணா. அம்மா கையால எடுக்கணும். இல்லைன்னா அங்க போயும் என்ன எழிலுன்னுதான் கூப்புடுவாங்க. நானும் இன்னாம்மான்னு கேப்பேன்." சிரிப்பது போல ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. "எனக்கு என் பேர்ல கூப்புட்டா சில நேரம் திரும்பத் தோண மாட்டேங்குது. அந்த ஆம்பூர்க்காரர் போன்ல கவின்னாரு. யாரக் கேக்கறீங்கன்னுட்டேன்."

தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. ஜன்னல் வழியாக வாசற்படி தெரிந்தது. அம்மா மேல் படியில் உட்கார்ந்து, கவிநிலாவைக் கீழ்ப்படியில் உட்கார வைத்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தினமும் இந்த வேலை. கவிநிலாவின் தலை அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தது. பின்னால் இருந்த வெளிச்சத்தில் இரண்டு உருண்டைகள், நடுவில் ஒரு கழுத்து. மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்ததேதான். எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து நேராகக் கிணற்றடிக்குப் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் மலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பம்பைக்காரர் சக்கரவர்த்தி வரப்பில் உட்கார்ந்து பம்பைத் தோலை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார்.

"மழ ஈரம், அறிவு. சத்தம் வரமாட்டேங்குது. எங்க வீட்டுக்காரி மாதிரி இல்ல, இதுக்குச் சூடு காட்டினாத்தான் கத்தும்."

"டீ குடிச்சிங்களா மாமா?"

"பேரு சக்கரவர்த்தி. ஒரு டீ குடுக்க நாதி இல்ல."

அப்பா கேனில் டீ கொண்டுவந்தார். வெள்ளை வேட்டி, கரை மட்டும் கட்சிக் கரை. "நல்லபடியா சொல்ல வச்சிடு" என்று சக்கரவர்த்தியிடம் கெஞ்சினார். சக்கரவர்த்தி, "நான் அழைக்கத்தான் முடியும், கண்ணாயிரம். பேசறது அவுங்க" என்றார்.

அம்மா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொடுத்துவிடு என்று அப்பா கை நீட்டியும் கொடுக்கவில்லை. கிணற்றோரம் மெழுகிய இடத்தில் கரகம், புதுப்புடவை, வளையல், பூ, அரைத்த மஞ்சள் ஒரு கிண்ணத்தில். கவிநிலா தலை குளித்து முடியை விரித்து நின்றாள். நெருங்கிய பங்காளிகள் நாலைந்து பேர். சாம்பிராணி போட்டார்கள். பம்பை ஆரம்பித்தது.

சக்கரவர்த்தி அழைத்தார். பிறந்த ஊர் சொல்லி, வளர்ந்த வீடு சொல்லி, அப்பன் பெயர், ஆத்தா பெயர் சொல்லி, எழிலரசி வா, பூவாடைக்காரி வா என்று. எல்லாரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போன தடவை அவள் மேல்தான் வந்தது. அம்மா கண்ணை மூடிப் பெட்டியை அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். உடம்பில் ஓர் அசைவு இல்லை.

ரொம்ப நேரம் ஆனது. சக்கரவர்த்திக்குத் தொண்டை கட்டியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது என் பக்கத்தில் நின்ற பங்காளி ஒருவர், "ஏ, பொண்ணப் பாருங்கப்பா" என்றார்.

கவிநிலா ஒரு காலைத் தூக்கி இன்னொரு பாதத்தின் மேல் வைத்து நின்றாள். ஆடவில்லை, கத்தவில்லை. சாமி வந்தவர்களிடம் பார்க்கிற எதுவும் இல்லை. வெறுமனே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரவர்த்தி பம்பையை நிறுத்தினார்.

"யாரும்மா வந்திருக்கிறது?"

"அவுங்களுக்குத் தெரியும்."

கவிநிலாவின் குரல்தான். ஆனால் வார்த்தையை இழுக்கிற விதம் அவளுடையது இல்லை. அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எழிலு" என்றாள்.

"ஜுரத்துல ஒரு வாய் ஊறுகா கேட்டேன். தரலையே நீ."

அம்மாவின் முகம் என்ன ஆயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. எழிலரசிக்குக் காய்ச்சல் கண்டபோது நான் பெங்களூரில். கவிநிலா வேலூரில் ஹாஸ்டலில். அப்பா மாநாட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"டாக்டர் வேணான்னாருடி. நாளைக்குத் தரேன்னேன். நாளைக்குத் தரேன்னுதான்டி சொன்னேன்."

"சரி. அதுக்குன்னு என் துணிய வச்சிக்கினு இருப்பியா? கழுவாம, நாத்தத்தோட? அஞ்சு வருஷமா அதே ஜுரத்துல கெடக்கறேன் நான். அவுத்து உடு."

"மாட்டேன். அது ஒண்ணுதான் கீது எனக்கு."

"அப்ப இவளையும் சேத்து அந்தப் பெட்டியிலயே வச்சிக்க."

கிணற்றில் எங்கோ கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். பெட்டியைத் தரையில் வைத்தாள். மூடியைத் திறந்து, மேலிருந்த புடவையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். பிறகு கையை அடிவரை விட்டாள். பச்சைத் தாவணி வந்தது. பங்காளிகள் இரண்டு பேர் ஓரடி பின்வாங்கினார்கள். அப்பா, "பாஞ்சால" என்று அம்மாவின் பெயரை மட்டும் சொன்னார். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

கவிநிலா மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். அம்மா கையில் இருந்த தாவணி மேல் ஒரு கோடு போட்டாள். அதன் கீழே இன்னொன்று. மூன்று. நாலு. நிறுத்திக்கொண்டாள்.

யுபிக்விட்டின் ஒன்று ஒட்டினால் போதாது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சங்கிலி போட வேண்டும். குறைந்தது நாலு இருந்தால்தான் அந்தப் பீப்பாய் அதை அடையாளம் கண்டு உள்ளே இழுக்கும். பெங்களூரில் இதை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். தொட்டியடியில் கவிநிலாவிடம் சொன்னேனா? குறி என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. நாலு என்று சொன்னது ஞாபகம் இல்லை.

"போடு" என்றாள்.

சாம்பிராணிச் சட்டியில் நெருப்பு இருந்தது. அம்மா தாவணியை அதில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. அப்பாதான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நைலான் துணி. எரியவில்லை, சுருங்கி உருகிச் சொட்டியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. கடைசித் துண்டு போகும் வரை கவிநிலா ஒற்றைக் காலில் நின்றாள். போனதும் இரண்டு காலையும் ஊன்றி, "தண்ணி" என்றாள். விழுந்துவிடுவாள் என்று பிடிக்கப் போனேன். விழவில்லை.

அப்பா கையில் இருந்த பெட்டிப் புடவையைக் கட்டிக்கொண்டு குளித்தாள். ஈரத்தோடு அவிழ்த்துப் போட்டுவிட்டு மாற்றுப் புடவையில் வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியில் புதுப்புடவை மட்டும் ஏறியது. அப்பா முன்னால் நடந்தார். வரப்பு முடியும் வரை அம்மா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. நல்ல மழை. மறுவீடு முடிந்து அவர்களை ஆம்பூர் பஸ் ஏற்றப் போனபோது, வளவன் தண்ணீர் பாட்டில் வாங்க நகர்ந்தார். கவிநிலாவிடம் கேட்டேன்.

"ஊறுகா விஷயம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அஞ்சு வருஷம் அம்மா பக்கத்துலதானேண்ணா படுத்தேன்? தூக்கத்துல சொல்லுவாங்க. நாளைக்குத் தரேண்டி, நாளைக்குத் தரேண்டின்னு."

"அப்ப எல்லாம் நீயேதான் பேசினியா?"

"ஊறுகா வரைக்கும் நான்தான்." பஸ்ஸைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் இன்னா பேசினேன்னு அப்பா சொல்லித்தான் தெரியும்."

"நாலு கோடு போட்டியே?"

"எந்தக் கோடு?"

வளவன் வந்துவிட்டார். "கவி, ஏறு" என்றார். உடனே திரும்பினாள். சட்டென்று, தன் பெயருக்கு. அதைப் பார்த்ததே போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "ண்ணா, நீயும் பெங்களூருக்குப் போயிடு. சொல்லிட்டேன்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

எழுதிக் கேட்டால் என் பழைய பேராசிரியர் சேர்த்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். தெரியவில்லை. கேட்டுப் பார்க்கவில்லை.

கார்த்திகை தீபம் எரிந்து முடிந்த வாரம். காலையில் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். அப்பா கொல்லைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அரைத் தூக்கம். வாசற்படியில் இருந்து குரல் வந்தது.

"எழிலு, கொஞ்சம் தண்ணி கொண்டா."

"இதோ வரேம்மா" என்றேன்.

சொல்லி முடித்து, எழுந்து, சொம்பில் தண்ணீர் மொண்ட பிறகுதான் அது எனக்கே கேட்டது. சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. கையை உயர்த்தி என் தலையைத் தொட்டாள்.

"எண்ணெயே காணமே, இப்பிடியா காயப்போடுவ? உக்காரு."

கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.